கேபிள் இழுக்க நாங்கள், வரைபடம் போட வேறு ஆக்களா?

நெட்வேர்க் படிக்க வருகிற எங்கட பெடியள் பெட்டையளுக்கு வகுப்புக்கு வகுப்பு சொல்லப்படுகிற ஓர் அறிவுரை இருக்கு. "டிசைன் எல்லாம் பிறகு பாக்கலாம். முதல்ல சி.சி.என்.ஏ-வைப் பாஸ் பண்ணு. டிசைன் எண்டது பத்து வருச அனுபவம் உள்ள ஆக்களின்ட வேலை." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். சொல்கிறவர்களும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனாலும் இது பிழையான அறிவுரை. எங்களைக் கீழ்ப்படியிலேயே நிற்பாட்டி வைக்கிற அறிவுரை. வலையமைப்பு வடிவமைப்பைச் சான்றிதழ் படிப்பின் முதல் நாளிலிருந்தே படிக்க வேணும், அதைப் படிக்காமல் எடுக்கிற சான்றிதழுக்குக் கொடுக்கிற காசு பெரும்பாலும் வீண் என்று நாங்கள் சொல்கிறோம். ஏன் என்று கீழே சொல்கிறோம்.

முதலில் காசுக் கணக்கைப் பார்ப்போம். சிஸ்கோவின் சி.சி.என்.ஏ பரீட்சைக்கு 300 அமெரிக்க டொலர். ஒரு டொலர் 300 ரூபாய் எண்டு வைத்தால் 90,000 ரூபாய். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் நின்றபோது 60,000 ரூபாயாக இருந்த அதே பரீட்சை, அந்த வருச நடுப்பகுதியில் ஓர் இலட்சத்தைத் தாண்டியது. பரீட்சை மாறவில்லை, எங்கட காசுதான் உருகியது. இதுக்கு மேல் வகுப்புக் காசு, பஸ் காசு. பல வீடுகளில் இது அம்மாவின்ட சங்கிலி அடைவுக்குப் போகிற கணக்கு. பெயில் எண்டால் திரும்பவும் முழுக் காசையும் கட்ட வேணும். பாஸ் எண்டாலும் சான்றிதழின் ஆயுள் மூன்று வருசம்தான். அதுக்குள் புதுப்பிக்காவிட்டால் காலாவதி.

அவ்வளவு காசு கட்டி எதை வாங்குகிறோம்? வகுப்புகளில் நடப்பது பெரும்பாலும் கட்டளை மனனம். வீலான் எப்படிப் போடுவது, ஓ.எஸ்.பி.எஃப் எப்படி ஏற்றுவது, ஏ.சி.எல் எந்த வரியில் எழுதுவது. அதுவும் இல்லையெண்டால் களவாக வெளியில் வந்த கேள்வி விடைகளை பி.டி.எஃப் ஆக வைத்துப் பாடமாக்குவது. 'டம்ப்' எண்டு சொன்னால் எல்லாருக்கும் தெரியும். 192.168.10.0/24 என்ற முகவரியை நாலாகப் பிரி எண்டால் எங்கட ஆக்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்: நாலும் /26, ஒவ்வொன்றிலும் 62 கருவிகள். விடை சரி. ஆனால் ஏன் நாலாகப் பிரிக்க வேணும்? மூன்றாகப் பிரித்தால் என்ன? அடுத்த வருசம் அங்கே 80 கருவிகள் வந்தால் என்ன நடக்கும்? இந்தக் கேள்விகளை வகுப்பில் கேட்கிறவர் குறைவு. கேட்டாலும் "அது பரீட்சைக்கு வராது" எண்டு முடிந்துவிடும்.

அந்த "ஏன்"தான் வடிவமைப்பு. யாருக்காக இந்த வலையமைப்பு, எத்தனை பேர் பாவிப்பார்கள், எது நின்றால் பரவாயில்லை, எது நிற்கவே கூடாது, கையில் எவ்வளவு காசு இருக்கு, பழுதானால் யார் வந்து திருத்துவது. இந்தக் கேள்விகளுக்கு விடை கண்டு, அந்த விடைக்கு ஏற்றமாதிரி வரைவது. கட்டளை அதுக்குப் பிறகு வருகிற வேலை.

ஒரு பாடசாலையை எடுத்துக்கொள்வோம்

பேச்சாகச் சொல்லாமல் ஒரு கணக்காகவே பார்ப்போம். வன்னியிலோ மட்டக்களப்பிலோ ஒரு பாடசாலை எண்டு வையுங்கோ. கீழ்த் தளத்தில் 40 கணினிகளோடு ஓர் ஆய்வுகூடம். காரியாலயத்தில் ஆறு கணினி. அங்கிருந்து 130 மீற்றர் தள்ளிப் புதுக் கட்டடம், அங்கேயும் இன்ரநெற் வேணும் எண்டு அதிபர் கேட்கிறார். ஒரேயொரு இன்ரநெற் இணைப்பு. ஆசிரியர்களின் போன்கள் வைஃபையில்.

கட்டளை மட்டும் படித்த ஒருவர் என்ன செய்வார்? வந்த ரவுட்டரில் இருக்கிற 192.168.1.0/24 வலையமைப்பிலேயே எல்லாவற்றையும் கொழுவி விடுவார். எல்லாம் வேலை செய்யும். படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடலாம். பிரச்சினை பிறகுதான் வரும்.

பெற்றோர் கூட்டம் ஒன்றுக்கு 300 பேர் வருகிறார்கள், வைஃபை கடவுச்சொல் எப்படியோ பரவுகிறது. ஒரு /24 வலையமைப்பில் கருவிகளுக்குக் கொடுக்கக்கூடிய முகவரிகள் 254 மட்டும். அவை முடிந்த பிறகு காரியாலயக் கணினியைப் போட்டால் அதுக்கு முகவரி கிடைக்காது. இன்னொரு நாள் ஆய்வுகூடத்தில் ஒரு பிள்ளை சும்மா கிடந்த கேபிளின் இரண்டு முனையையும் ஒரே மலிவு சுவிட்சில் கொழுவி விடுகிறது. தரவு அந்த வளையத்துக்குள் சுத்திச் சுத்திப் பெருகி முழு வலையமைப்பையும் விழுத்தும். ஆய்வுகூடம் மட்டும் நின்றால் ஒரு பாடவேளைதான் போகும். காரியாலயமும் அதே வலையமைப்பில் இருப்பதால், பரீட்சை விண்ணப்பம் ஒன்லைனில் அனுப்ப வேண்டிய கடைசி நாளாக அது இருந்தால், போவது ஒரு பிள்ளையின் வருசம்.

புதுக் கட்டடத்துக்குப் போகிற கேபிளைப் பாருங்கோ. சாதாரண செப்புக் கேபிளுக்கு வரையறை 100 மீற்றர். 130 மீற்றருக்கு இழுத்தால் சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது. நடுவில் ஒரு சுவிட்சை வைத்து நீட்டலாம் எண்டு ஒருவர் சொல்வார். ஆனால் கட்டடத்துக்குக் கட்டடம் வெளியால் போகிற செப்புக் கம்பி, ஒக்ரோபர் நவம்பர் மின்னலுக்கு விரித்து வைத்த பாதை. ஒரு மின்னலில் இரண்டு பக்கச் சுவிட்சும், அதோடு கொழுவியிருக்கிற கணினிகளும் போகலாம். ஃபைபர் கண்ணாடி இழை, மின்சாரத்தைக் கடத்தாது. அந்த இடத்துக்கு ஃபைபர்தான் எண்டு முடிவெடுக்கப் பெரிய அனுபவம் தேவையில்லை. கேபிளின் நீளத்தையும் எங்கட ஊர் மழையையும் ஒன்றாக வைத்து யோசிக்கத் தெரிந்தால் போதும்.

பிறகு கரண்ட். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது எங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். முழு ஆய்வுகூடத்துக்கும் யூ.பி.எஸ் போட எந்தப் பாடசாலையிடமும் காசில்லை. ஆனால் ஒரு சின்ன ரவுட்டர் ஒரு மின்குமிழ் அளவுக்குத்தான் மின்சாரம் இழுக்கும். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் காரியாலயத்தில் ஒரு கணினிக்கும் மட்டும் ஒரு யூ.பி.எஸ் எண்டு முடிவெடுத்தால், கரண்ட் போன உடனே அனுப்ப வேண்டியதை அனுப்பி முடிக்கலாம். எதைக் காப்பாற்றுவது, எதை விடுவது எண்டு முதலே தீர்மானிப்பதுதான் இதில் இருக்கிற வேலை.

இந்தப் பாடசாலைக்குத் தேவையானது மூன்று வீலான், ஒரு ஃபைபர் துண்டு, ஒரு யூ.பி.எஸ், சுவரில் ஒட்டுகிற ஒரு பக்க வரைபடம். இதில் வருகிற கட்டளைகள் எல்லாம் சி.சி.என்.ஏ படித்த எவருக்கும் தெரியும். தெரியாமல் இருப்பது அவற்றை எங்கே, ஏன் பாவிக்க வேணும் என்பது.

இரண்டு இருந்தால் இரண்டா?

சான்றிதழ் புத்தகங்களில் மேலெழுந்தவாரியாகக் கடந்து போகிற ஒரு கணக்கு இருக்கு. ஒரு கருவி 99 வீதம் வேலை செய்யும் எண்டால் கேட்க நல்லாகத்தான் இருக்கும். ஒரு வருசத்தில் அது நிற்கிற நேரம் 3.65 நாள். அப்படி மூன்று கருவிகள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நின்றால், மூன்றும் வேலை செய்கிற நேரம் 97 வீதம். அதாவது வருசத்தில் கிட்டத்தட்ட 11 நாள் இருட்டு. அதே 99 வீதக் கருவிகள் இரண்டைப் பக்கம் பக்கமாக வைத்து, ஒன்று போனால் மற்றது எடுக்கும் எண்டு செய்தால் 99.99 வீதம். வருசத்துக்கு ஒரு மணித்தியாலம்கூட நிற்காது.

கணக்கு அழகு. ஆனால் இரண்டும் வேறு வேறு காரணத்துக்காகப் பழுதானால்தான் அது சரி. இரண்டு கொம்பனியிடம் இரண்டு இணைப்பு எடுத்து, இரண்டும் ஒரே போஸ்ட்டில் வந்தால், ஒரு லொறி இடித்தால் இரண்டும் போகும். நீங்கள் காசு கட்டுவது இரண்டுக்கு, கையில் இருப்பது ஒன்று. இதை எந்தக் கட்டளையும் சொல்லித் தராது. ரோட்டில் இறங்கிப் போஸ்ட்டைப் பார்க்க வேணும்.

பெரிய ஆக்களும் இதில்தான் விழுகிறார்கள். 2022 யூலை 8 அன்று கனடாவில் றொஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு விழுந்தது. ரொறன்ரோவில் சொந்தக்காரர் இருக்கிற வீடுகளில் அந்த நாளை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு கோடியே 20 இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குக் கைபேசி, வீட்டு இன்ரநெற் எல்லாம் ஒன்றாகப் போனது. கடைகளில் வங்கி அட்டை வேலை செய்யவில்லை. 911 அவசர அழைப்புக்கே பலரால் எடுக்க முடியவில்லை. தொடக்கம் ஒரு பராமரிப்பு வேலையின்போது ரவுட்டர் அமைப்பில் ஒரு வடிகட்டி விதி நீக்கப்பட்டது. அதனால் பாதைத் தகவல் வெள்ளமாகப் பாய்ந்து நடுமைய ரவுட்டர்கள் விழுந்தன.

ஒரு கட்டளைப் பிழை எங்கேயும் நடக்கும். அது ஏன் முழு நாட்டுக்கும் பரவியது? கைபேசிக்கும் வீட்டு இணைப்புக்கும் ஒரே நடுமையம். அதைவிட, பழுதைத் திருத்தப் பொறியியலாளர்கள் உள்ளே போகிற வழியும் அதே நடுமையத்துக்குள்ளால்தான் போனது. வீடு பூட்டுப்பட்டுவிட்டது, சாவி வீட்டுக்குள். கைபேசியையும் வீட்டு இணைப்பையும் இரண்டு தனி வழி எண்டு நம்பிய மக்களுக்கு உண்மையில் இருந்தது ஒரு வழி. பிறகுதான் இரண்டு நடுமையத்தையும் பிரிப்பதாக நிறுவனம் அறிவித்தது. 2021 ஒக்ரோபர் 4 அன்று பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்ரகிராம் எல்லாம் ஆறு மணித்தியாலம் அளவில் உலகம் முழுக்க நின்றதும் இதே வகைதான். விழுந்த வலையமைப்பைத் தூரத்திலிருந்து தொடக்கூட முடியாமல், ஆக்கள் நேரில் போய்த்தான் திருத்த வேண்டியிருந்தது.

வைத்தியசாலைக் கதை ஒன்றும் இருக்கு. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் வைத்தியசாலையின் வலையமைப்பு நாலு நாள் அளவில் படுத்தது. பேர்போன வைத்தியசாலை, நல்ல கருவிகள், தெரிந்த ஆக்கள். ஆனால் வலையமைப்பு வருசக்கணக்காகத் துண்டு துண்டாக ஒட்டி ஒட்டி வளர்ந்திருந்தது. சுவிட்சுகளுக்கிடையில் வளையம் உருவாகாமல் காக்கிற ஸ்பானிங் ட்ரீ என்ற முறைக்கு ஓர் எல்லை உண்டு. வழமையான அமைப்பில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஏழு சுவிட்சுக்கு மேல் போகக் கூடாது. அங்கே அந்த எல்லை தாண்டியிருந்தது. அளவுக்கு மிஞ்சிய தரவு ஒரு நாள் பாய்ந்தபோது எல்லாம் சேர்ந்து விழுந்தது. வைத்தியர்கள் திரும்பக் காகிதத்துக்குப் போனார்கள். அந்த ஏழு எண்ட இலக்கத்தைப் பாடமாக்கி வைத்திருக்கிறவர்கள் எங்களிலும் பலர். அந்த இலக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு தங்கட கட்டடத்தின் சுவிட்சுகளை எண்ணிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

தூரத்து நாடுகளை விட்டுவிட்டு இங்கே வருவோம். 2023 ஓகஸ்ட்டில் இலங்கை அரச கிளவுட்டில் கப்பம் கேட்கும் மென்பொருள் புகுந்தது. அரச முகவரிகளைப் பாவித்த சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவு போனது. காப்புப் பிரதி எடுக்கப்பட்டுத்தான் இருந்தது. ஆனால் அதுவும் தாக்குதலுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்ததால் சேர்ந்து பூட்டுப்பட்டது. அந்தக் காலத்துக்கு வேறாக, வலையமைப்புக்கு வெளியே வைத்த பிரதி இருக்கவில்லை. போஸ்ட்டில் வந்த இரண்டு இணைப்பும் இதுவும் ஒரே பாடம். இரண்டாவது பிரதி முதலாவதோடு சேர்ந்து சாகுமெண்டால் அது இரண்டாவது இல்லை.

"ஆனால்..." எண்டு சொல்கிறவர்களுக்கு

"புதுசாய் வாறவனுக்கு ஆர் டிசைன் வேலை குடுக்கிறது?" இதுதான் முதலாவது எதிர்வாதம். கொழும்பில் பெரிய கொம்பனி எண்டால் சரி, அங்கே வடிவமைப்புக்குத் தனிப் பிரிவு இருக்கும், புதிதாக வருகிறவர் மூலையில் கேபிள் இழுப்பார். எங்கட ஊர்களில் அப்படியா நடக்குது? ஒரு தனியார் கிளினிக், ஒரு சுப்பர் மார்க்கெட், பாசிக்குடாவில் ஒரு சின்ன ஹொட்டல், ஒரு ரியூசன் சென்ரர். இவர்கள் கூப்பிடுவது ஒரேயொரு ஆளை. "தம்பி, நெட்வேர்க் போட்டுத் தாங்கோ" எண்டு சொல்லிக் காசைக் கையில் தருவார்கள். என்ன வாங்குவது, எங்கே வைப்பது, எதை எதோடு கொழுவுவது எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது அந்த 22 வயதுத் தம்பியோ தங்கச்சியோதான். பதவிப் பெயர் ரெக்னீசியன், செய்கிற வேலை வடிவமைப்பு. பெரிய நகரத்தில் பத்து வருசத்துக்குப் பிறகு வருகிற பொறுப்பு எங்கட ஊரில் முதல் மாசமே தலையில் விழுகுது. அப்படியெண்டால் அதை முதலில் படிக்க வேண்டியது யார்?

இரண்டாவது: "இனி எல்லாம் கிளவுட், எல்லாம் ஏ.ஐ. நெட்வேர்க் டிசைன் எதுக்கு?" கிளவுட் என்பது மறைந்து போன வலையமைப்பு இல்லை, வேறொருவரின் கட்டடத்தில் இருக்கிற வலையமைப்பு. அமேசன் கிளவுட்டில் ஒரு தனி வலையமைப்புத் தொடங்கும்போது கேட்கப்படுகிற முதல் கேள்விகளில் ஒன்று, என்ன முகவரி வரிசை வேணும் என்பது. யோசிக்காமல் இரண்டு இடத்துக்கும் ஒரே வரிசையைக் கொடுத்துவிட்டால், பிறகு அந்த இரண்டையும் நேரே இணைக்க விடாது. ஏ.ஐ.யைப் பற்றிச் சொன்னால், கட்டளையை அது நல்லாகவே எழுதித் தருகுது. அதனால்தான் கட்டளை மட்டும் தெரிந்த ஆளுக்கு இனி என்ன மதிப்பு எண்டு கேட்கிறோம். அந்தப் பாடசாலையின் எந்தச் சுவரில் மழைக்குத் தண்ணி ஒழுகும், எந்த அறைச் சாவி யாரிடம் இருக்கும், அதிபர் மாறினால் யார் அந்த வைஃபை கடவுச்சொல்லை வைத்திருப்பார் என்பதை நீங்கள் போய்க் கேட்டு எழுதாவிட்டால் எந்த இயந்திரத்துக்கும் தெரியாது.

மூன்றாவது: "பரீட்சைக்கு வராததைப் படிச்சு என்ன பிரயோசனம்?" முதலில், வராது என்பதே சரியில்லை. சி.சி.என்.ஏ பாடத்திட்டத்தின் தொடக்கத்திலேயே இரண்டு அடுக்கு, மூன்று அடுக்கு, ஸ்பைன் லீஃப், சின்னக் காரியாலயம், கிளவுட் எண்டு கட்டமைப்புகள் பட்டியலில் இருக்கு. ஆனால் விவரித்தால் போதும் என்ற அளவில்தான். முன்பு சிஸ்கோவிடம் வடிவமைப்புக்கெண்டே சி.சி.டி.ஏ என்ற தொடக்கநிலைச் சான்றிதழும், அதுக்கு மேல் சி.சி.டி.பி.யும் இருந்தன. 2020 பெப்ரவரியில் இரண்டையும் நிற்பாட்டிவிட்டார்கள். இப்போது வடிவமைப்புப் பரீட்சை எழுத வேணுமெண்டால் சி.சி.என்.பி மட்டத்தில் 300-420 எண்ட தெரிவுப் பரீட்சை இருக்கு. அதுக்கும் மேல் சி.சி.டி.ஈ இருக்கு. அதன் செய்முறைப் பரீட்சை எட்டு மணித்தியாலம். ஒரு கட்டளைகூட அடிக்கத் தேவையில்லை. ஒரு கற்பனை நிறுவனத்தின் ஆவணங்களைத் தந்து, என்ன முடிவெடுப்பாய், ஏன் எண்டு கேட்பார்கள்.

இதில் ஒரு விசயத்தைக் கவனியுங்கோ. ஏணியின் உச்சிப் படியில் கேட்கப்படுவது முழுக்க வடிவமைப்பு. ஆனால் அங்கே ஏறுகிற முதல் படியை எடுத்துவிட்டார்கள். பாடத்திட்டம் போடுகிறவர்கள் எங்களுக்காக அந்தப் படியைத் திரும்ப வைக்கப் போவதில்லை. நாங்களேதான் வைக்க வேணும்.

நாலாவது எதிர்வாதம் கொஞ்சம் கனமானது. "டிசைன் பாடமும் கொம்பனிக்காரர் பெட்டி விக்கிறதுக்கு எழுதின பாடம்தானே?" இதில் உண்மை இருக்கு. புத்தகத்துப் படத்தில் நடுமையத்தில் இரண்டு, நடு அடுக்கில் இரண்டு இரண்டு எண்டு பெட்டிகள் நிற்கும். அதை அப்படியே 40 கணினி உள்ள பாடசாலைக்குக் கொண்டுவந்தால் அபிவிருத்திச் சங்கத்தின் காசு முழுக்கப் பெட்டிக்குப் போகும். அதனால் வடிவமைப்பைப் படிக்கக் கூடாது எண்டு ஆகாது. வாங்காமல் விடுவதற்கும் அறிவு வேணும். விற்க வருகிறவர் "இரண்டு ஃபயர்வோல் கட்டாயம் வேணும்" எண்டு சொல்லும்போது, "இரண்டுக்கும் ஒரே கரண்ட் லைன்தானே வருகுது, அப்ப இரண்டாவது எதுக்கு?" எண்டு கேட்கக்கூடிய ஆள் மேசைக்கு இந்தப் பக்கம் இருக்க வேணும். படிக்காதவர் அந்த மேசையில் தலையாட்டத்தான் முடியும்.

எங்களிடம் இருக்கிற ஒரு பலம்

வடிவமைப்பின் முதல் பாதி பேச்சு. பாவிக்கப்போகிற ஆக்களோடு இருந்து கதைத்து, அவர்கள் சொல்வதை அளவாக மாற்றுவது. கிளினிக்கில் இருக்கிற அக்கா "தம்பி, பின்னேரம் ஆனால் இழுபடுது" எண்டு சொல்வார். இந்தச் சொல்லுக்குள் ஒரு கணக்கு இருக்கு. பின்னேரம் எத்தனை நோயாளர், எந்த மென்பொருள், அந்த நேரம் வைஃபையில் எத்தனை போன். "இழுபடுது" என்ற சொல்லை நேரமாகவும் வேகமாகவும் எண்ணிக்கையாகவும் மாற்றத் தெரிந்தவர்தான் வடிவமைப்பாளர். சி.சி.என்.ஏ பரீட்சையை ஆங்கிலத்திலும் யப்பானிய மொழியிலும் எழுதலாம், தமிழில் எழுத முடியாது. அது எங்களுக்கு இருக்கிற உண்மையான தடை. ஆனால் கிளினிக் அக்கா பேசுவது எங்கட தமிழ். வெளியிலிருந்து வரைபடத்தோடு வருகிற எவருக்கும் இல்லாத வாய்ப்பு இது. அந்த வாய்ப்பைப் படிப்பாக மாற்றாமல், ஆங்கிலக் கேள்விக்கு ஆங்கில விடையை மட்டும் பாடமாக்கிக்கொண்டு இருக்கிறோம்.

எப்படித் தொடங்குவது

பெரிய செலவு ஒன்றும் இல்லை. சிஸ்கோவின் பக்கெட் ட்ரேசர் மென்பொருள் இலவசம். ஒவ்வொரு பயிற்சியையும் செய்து முடித்த பிறகு அரைப் பக்கம் தமிழில் எழுதுங்கோ: ஏன் இப்படிப் போட்டேன், வேறு எப்படிப் போட்டிருக்கலாம், எதை விட்டுக்கொடுத்தேன். பிறகு வேணுமெண்டே ஒரு கேபிளைக் கழட்டுங்கோ. எது நின்றது, எது நிற்கவில்லை எண்டு பாருங்கோ. நீங்கள் நினைத்தது ஒன்று, நடந்தது வேறு எண்டால் அங்கேதான் படிப்பு இருக்கு.

அடுத்தது, உங்களுக்குத் தெரிந்த ஓர் உண்மையான இடத்தை, பொறுப்பானவரிடம் கேட்டுவிட்டு, வரையுங்கோ. படித்த பாடசாலை, சனசமூக நிலைய நூலகம், கோயில் காரியாலயம், மாமாவின்ட கடை. எங்கே ரவுட்டர், எந்தக் கேபிள் எங்கே போகுது, எத்தனை மீற்றர், கரண்ட் எங்கிருந்து. வரைந்து முடிய ஒவ்வொரு பெட்டியிலும் விரலை வைத்து "இது இப்ப செத்தால்?" எண்டு கேளுங்கோ. பிறகு திருத்திய வரைபடம் ஒன்று போட்டு, கடை விலையை விசாரித்துப் பக்கத்தில் எழுதுங்கோ. விலை இல்லாத வரைபடம் ஆசைப்பட்டியல். இரண்டு பேராகச் செய்தால் இன்னும் நல்லது. ஒருவர் வரைய மற்றவர் பிழை பிடிக்க வேணும்.

வகுப்பு நடத்துகிற ஆசிரியர்களிடமும் கேட்கிறோம். நாலு வகுப்பில் ஒன்றை இதுக்கு ஒதுக்குங்கோ. மாணவர் பாஸ் வீதம் குறையும் எண்டு பயப்படத் தேவையில்லை. சப்நெட்டை ஏன் பிரிக்கிறோம் எண்டு விளங்கினவருக்கு எப்படிப் பிரிப்பது எண்டு மறக்காது. வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். சான்றிதழ் இலக்கத்தைச் சரிபார்த்துவிட்டு நிற்பாட்டாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் கொடுத்து "எங்கட கடைக்கு ஒரு நெட்வேர்க் கீறிக் காட்டுங்கோ" எண்டு கேளுங்கள். டம்ப் பாடமாக்கினவரும் படித்தவரும் பத்து நிமிசத்தில் பிரிந்து தெரிவார்கள்.

சான்றிதழை வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லவில்லை. வெளிநாட்டு விண்ணப்பத்திலும் கொழும்பு இன்ரவியூவிலும் அந்தத் தாள் கதவைத் தட்ட உதவும். ஆனால் மூன்று வருசத்தில் காலாவதியாகிற தாளை மட்டும் வாங்க அம்மாவின்ட சங்கிலியை அடைவு வைப்பது கட்டாது. கட்டளைகள் பதிப்புக்குப் பதிப்பு மாறும், பெட்டிகளின் பெயர் மாறும். "இது செத்தால் யாருக்கு என்ன நடக்கும்?" எண்ட கேள்வி மாறாது, அதுக்குப் புதுப்பிப்புக் கட்டணமும் இல்லை.

அடுத்த முறை ஒரு கோர்சுக்குக் காசு கட்ட முதல் அங்கே ஒரு கேள்வி கேளுங்கோ: "இங்க எங்களை வரைய விடுவீங்களா?" பதில் சொல்லத் தடுமாறினால் காசைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வாருங்கோ. நாலு பேர் சேர்ந்தால் ஒரு வெள்ளைப் பலகையோடு நீங்களே தொடங்கலாம்.